நாலு மணிக்கு மேல் கணினி அறை

பேகம்பூர்ப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் தாய்மார்களுக்கு,

 

உங்களில் சிலர் இந்த மடலை நீங்களே வாசிப்பீர்கள், சிலருக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுவார்கள். எப்படியானாலும் சரிதான். இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பல வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். உங்களிலேயே சிலர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். அந்த உரிமையில் என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. அடுத்த கூட்டத்தில் நீங்கள் ஒரு தீர்மானம் போட வேண்டும். பள்ளியின் கணினி அறை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பிள்ளைகளுக்காகத் திறந்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க உங்களில் ஒருவர் அந்த அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

“எங்களுக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்ன சார் தெரியும்?” என்று கேட்பீர்கள். தெரிய வேண்டியதில்லை. ஏன் என்று பின்னால் விளக்கமாகச் சொல்கிறேன்.

நம் பள்ளிகளுக்குக் கருவி வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்ற பாகுபாடு இல்லாமல் பிளஸ் 2 பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். திட்டம் நிற்பதற்குள் மாநிலம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்து முடித்திருந்தார்கள். அந்த லேப்டாப்பை வைத்துக் கல்லூரியில் புராஜெக்ட் செய்தவர்கள், வேலைக்கு மனுப் போட்டவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அது கைக்கு வந்த வயதைப் பாருங்கள். பள்ளிப் படிப்பு முடிகிற வருஷம் வந்தது. பலருக்குப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே போன பிறகுதான் கிடைத்தது. ஆறாம் வகுப்பில் பின்னம் புரியாமல் தவித்த பிள்ளைக்கு, ஆறு வருஷம் கழித்து வந்த அந்த உதவியால் கணக்கில் ஒன்றும் மாறவில்லை.

பிறகு ஹைடெக் லேப் வந்தது. 3,090 அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்குத் தலா 10 கணினி, 2,939 அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்குத் தலா 20 கணினி என்று 2017இல் அறிவித்து, அடுத்த சில வருஷங்களில் அமைத்தார்கள். 2018இல் பாடப்புத்தகங்கள் மாறின, பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் கோடு வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி, 2023 ஜூலையில் மணற்கேணி செயலி. அதற்கும் பிறகு தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டு மாட்டினார்கள், 22,931 வகுப்பறைகளில். தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் கையில் டேப்லெட் கொடுத்தார்கள். இத்தனைக்கும் பிறகு உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். போன வாரம் உன் கை கணினி மேல் எத்தனை நிமிஷம் இருந்தது? பதிலைக் கேட்டால் நான் ஏன் இந்த மடலை எழுதுகிறேன் என்று புரியும்.

அந்த நிமிஷங்கள் ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். உங்கள் பிள்ளையின் கணக்குப் புத்தகத்தை எடுத்து, வடிவியல் பாடம் முடிகிற இடத்தைத் திருப்புங்கள். ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பக்கம் இருக்கும். படி 1, படி 2 என்று செய்முறை, ஓரத்தில் ஒரு கியூஆர் கோடு. பரீட்சைக்கு வராது என்று பல வகுப்புகளில் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தப் புத்தகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. உள்ளே போனால் ஜியோஜீப்ரா என்ற மென்பொருள் திறக்கும். மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் என்ற ஆஸ்திரியக்காரர் மாணவராக இருந்தபோது 2001இல் எழுதத் தொடங்கியது. இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் உலகம் முழுக்க அதைக் காசில்லாமல் பயன்படுத்துகிறார்கள்.

எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்ணை அதன் முன்னால் உட்கார வைத்தேன். திரையில் ஒரு முக்கோணம், மூன்று மூலையிலும் கோணத்தின் அளவு. மேல் முனையைப் பிடித்து மேலே இழுத்தாள். அங்கே இருந்த அளவு குறைந்துகொண்டே வந்தது, அடியில் இருந்த இரண்டும் ஏறின. “மூணையும் கூட்டிப் பாரும்மா” என்றேன். நோட்டில் கூட்டினாள், 180. பக்கவாட்டில் இழுத்துவிட்டு மறுபடி கூட்டினாள், 180. அடுத்த தடவை நான் சொல்லாமலே இழுத்தாள், கூட்டினாள். “எப்படி இழுத்தாலும் மாறாதா சார்?” “மாத்த முடியுதான்னு பாரேன்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தவள் மேல் முனையை அப்படியே கீழே கொண்டுவந்து அடிக்கோட்டின் நடுவில் வைத்துவிட்டாள். முக்கோணமே போய்விட்டது, வெறும் கோடு. மேலே 180, இரண்டு ஓரத்திலும் சுழியம். “இதுவும் 180தான் சார்!” என்று பக்கத்தில் இருந்தவளை உலுக்கினாள். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை என்று அவள் முந்தைய வகுப்பிலேயே எழுதி எழுதி மனப்பாடம் செய்தவள். அதை அவள் சொந்தமாகச் சோதித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதே முக்கோணத்தை ஸ்மார்ட் போர்டில் ஆசிரியர் இழுத்துக் காட்டலாம். நல்ல ஆசிரியர் காட்டினால் நன்றாகவே இருக்கும். ஆனால் அடிக்கோட்டில் கொண்டுபோய் வைத்துப் பார்ப்போமே என்ற அந்த யோசனை, முனை அந்தப் பிள்ளையின் கையில் இருந்ததால் வந்தது. நாற்பது பேர் உட்கார்ந்து பார்க்கிற திரை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வகுப்பில் வைத்த டிவிதான்.

கணினி செய்யக்கூடிய இன்னொரு வேலை இருக்கிறது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய வேலை. ஒன்று முதல் மூன்று வரை படிக்கிற பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்றால் தெரியும். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல், அதற்கு எது தெரிகிறது என்று பார்த்து நிலை பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கொரோனாவில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் பள்ளி மூடிக் கிடந்ததற்குச் செய்த வைத்தியம் அது, சரியான வைத்தியம். ஆனால் ஆறாம் வகுப்புக்குப் போனதும் பெரும்பாலான நேரம் எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே பக்கம். ½ஐயும் ⅓ஐயும் கூட்டச் சொன்னால் மேலே இருப்பதை மேலே கூட்டி, கீழே இருப்பதைக் கீழே கூட்டி ⅖ என்று எழுதுகிற பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலும் இருக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறைவாக எப்படி வரும் என்று அந்தப் பிள்ளையிடம் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும். நாற்பத்தைந்து நிமிஷத்தில் நாற்பது நோட்டுத் திருத்தி, பாடத்தையும் முடிக்க வேண்டிய ஆசிரியருக்கு அதற்கு நேரம் எங்கே இருக்கிறது?

டெல்லியில் இதற்கு ஒரு வழியைச் சோதித்துப் பார்த்தார்கள். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியான் என்ற இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஆய்வு, 2019இல் வெளிவந்தது. சாயங்கால மையங்களில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள். நடுநிலை வகுப்புப் பிள்ளைகளில் யார் சேர்வது என்று குலுக்கல் போட்டு எடுத்தார்கள். பிள்ளை போடுகிற விடையைப் பார்த்து, அதன் நிலை மூன்றாம் வகுப்பு என்றால் மூன்றாம் வகுப்புக் கணக்கைக் கொடுக்கும் மென்பொருள் அது. பாதி நேரம் கணினி, பாதி நேரம் ஒரு உதவியாளரோடு சின்னக் குழுவாக உட்கார்ந்து படிப்பு. ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. நாலரை மாதத்தில், மையத்துக்கு வந்த பிள்ளைகள் வராத பிள்ளைகளைவிடக் கணக்கிலும் இந்தியிலும் தெளிவாக மேலே போனார்கள். அடியில் கிடந்த பிள்ளைகள் பள்ளி வகுப்பில் மட்டும் உட்கார்ந்திருந்தால் ஏறக்குறைய எதுவும் கற்காமல் இருந்திருப்பார்கள். மையத்தில் அவர்களும் கற்றார்கள். இந்த ஆய்வைப் பற்றி எங்கே பேசினாலும் என் மனம் பேகம்பூருக்குத்தான் வரும். நம்மிடம் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. இரண்டு வகுப்புக்கு முன்னால் ஒரு இடத்தில் விட்டுப்போனது பின்னால் வந்ததையெல்லாம் அடைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கணினியை வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டு அரசு ‘பிள்ளைக்கொரு லேப்டாப்’ திட்டத்தில் லட்சக்கணக்கில் வாங்கிக் கிராமப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. 2012இல் வந்த ஆய்வில் கணக்கு, மொழி இரண்டிலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. பணக்கார நாடுகளுக்கும் இதே கதைதான் என்று ஓஈசிடி அமைப்பு 2015இல் அறிக்கை வெளியிட்டது. பள்ளிக் கணினிக்கு நிறையச் செலவழித்த நாடுகளில் பிள்ளைகளின் வாசிப்போ கணக்கோ குறிப்பிடும்படி உயரவில்லை. அதனால் இன்னும் 10 கணினி கேளுங்கள் என்று நான் உங்களைத் தூண்டிவிடவில்லை. இருக்கிறதை யார் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த நேரத்தில், எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது, கம்ப்யூட்டரைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சுனாமி அடித்த கடலோரத்தில் காளிக்குப்பம் என்று ஒரு கிராமம். தமிழ் பேசுகிற பிள்ளைகள், பத்திலிருந்து பதினாலு வயதுக்காரர்கள். சுகதா மித்ரா என்ற பேராசிரியர் அங்கே ஒரு கணினியை வைத்து, கல்லூரியில் படிக்கிற உயிரியல் பாடத்தை, அதுவும் ஆங்கிலத்தில், ஏற்றிவைத்துவிட்டுப் போய்விட்டார். ஆசிரியர் கிடையாது. இரண்டு மாதம் கழித்து வந்து பரீட்சை வைத்தபோது நூற்றுக்கு முப்பது வாங்கினார்கள். அதுவே ஆச்சரியம். ஆனால் முப்பது பாஸ் மார்க் இல்லையே. அந்தப் பிள்ளைகளோடு பழகிய ஒரு இளம்பெண்ணை அவர் கேட்டுக்கொண்டார், நீ சொல்லிக்கொடு என்று. எனக்கு உயிரியல் தெரியாதே என்றாள் அவள். தெரிய வேண்டாம், வீட்டில் பாட்டிமார் செய்வதைச் செய் என்றார். பின்னால் நின்று, இது என்னது, எப்படிக் கண்டுபிடிச்சே, இன்னொரு தடவை காட்டு, அடேயப்பா நான் உன் வயசில் இதெல்லாம் செய்ததே இல்லை என்று சொல்ல வேண்டியது. அடுத்த இரண்டு மாதத்தில் மதிப்பெண் ஐம்பதுக்கு ஏறியது. டெல்லியில் வசதியான தனியார் பள்ளியில் பாட ஆசிரியர் வைத்துப் படித்த பிள்ளைகளோடு ஒப்பிடக்கூடிய மதிப்பெண் அது. 2010இல் இந்த ஆய்வை வெளியிட்டார்கள்.

மித்ரா இதே போலப் பிள்ளைகளுக்காகச் சுவரில் பதித்து வைத்த கணினிகள் பல ஊர்களில் பராமரிப்பு இல்லாமல் போனதாக வேறு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. ஆனால் காளிக்குப்பத்தில் அந்தப் பெண் செய்த வேலை எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. தனக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பிள்ளை எழுதி முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்து “எங்கே வாசி பார்ப்போம்” என்று கேட்ட அம்மாக்களின் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று என் வகுப்பிலேயே பார்த்தவன் நான். உங்களிடம் நான் கேட்பது அந்த வேலையைத்தான். சுவிட்ச் போடவும் மவுஸ் பிடிக்கவும் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அப்படிச் சொல்லித் தருவது அவர்களுக்கும் நல்லது.

சாயங்காலம் ஏன் என்று கேட்கலாம். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிஷா பேகம் அடங்கியிருக்கிற பெரிய பள்ளிவாசலைச் சுற்றி வளர்ந்த நம் பகுதியில், வீட்டில் இருக்கிற நல்ல போன் பெரும்பாலும் அத்தாவின் சட்டைப்பையில் இருக்கும். அவர் தோல் ஷாப்புக்கோ மண்டிக்கோ பிரியாணிக் கடைக்கோ போனால் போனும் போய்விடும், ராத்திரி ஒன்பது பத்துக்குத்தான் திரும்பும். அதன் பிறகு கிடைக்கிற அரைமணி நேரமும் முதலில் அண்ணனுக்கு, பிறகு தம்பிக்கு. பெண்பிள்ளையின் முறை வரும்போது சார்ஜ் இருக்காது. கொரோனாக் காலத்தில் ஆன்லைன் வகுப்பு என்ற பெயரில் நடந்ததை நீங்கள் வீட்டுக்குள்ளேயே பார்த்தீர்கள். பள்ளியில் இருக்கிற கணினிக்கு ஆண், பெண் வித்தியாசம் தெரியாது. பள்ளி விடுகிற நேரத்துக்கும் மஃரிபுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரமாவது இருக்கிறது. ஓதப் போகிற பிள்ளைகளின் நேரத்தை அஜரத்திடம் கேட்டு, அதற்குத் தகுந்தபடி நாள் பிரித்துக்கொள்ளலாம். ஓதலா கணினியா என்று பிள்ளையை இழுபறியில் விட வேண்டாம். இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

இன்னொரு பயமும் உங்களுக்கு இருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டீர்கள். நெட்டில் பிள்ளை என்னத்தைப் பார்க்குமோ என்ற பயம். நியாயமான பயம்தான். அதனால்தான் சொல்கிறேன், போர்வைக்குள் பார்க்கிற போனைவிட, பத்துத் திரைகளும் வாசலைப் பார்த்தபடி இருக்கிற, ஒரு அம்மா நடந்துகொண்டே இருக்கிற அறை பிள்ளைக்குப் பாதுகாப்பானது. இப்போது பிள்ளைகள் கட்டுரையை சாட்ஜிபிடியிடம் கேட்டு அப்படியே எழுதி வருகிறார்கள். அதைத் தடுக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எழுதினதை மூடிவைத்துவிட்டு, என்ன எழுதினாய், உன் வாயால் சொல் என்று பக்கத்தில் இருக்கிற ஒருவர் கேட்க வேண்டும்.

தலைமையாசிரியர் தயங்குவார். அவர் மேல் கோபப்படாதீர்கள். ஒரு மானிட்டர் உடைந்தாலும் ஒரு மவுஸ் காணாமல் போனாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆசிரியர்களோ கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகை, உயரம், எடை, செருப்பு, சீருடை என்று பதிவு செய்துகொண்டே நாளைக் கழிக்கிறார்கள். பல பள்ளிகளில் கணினி அறை பிள்ளைகளைவிடப் பதிவேட்டுக்குத்தான் அதிகம் உழைக்கிறது. அறை பூட்டியே இருந்தால் எதுவும் உடையாது, அதனால் பூட்டியிருக்கிறது. பொறுப்பில் பாதியைக் குழு வாங்கிக்கொள்கிறது என்று எழுத்தில் கொடுத்தால் அவருக்கும் தைரியம் வரும். அவரையே முழுப் பாரத்தையும் சுமக்கச் சொன்னால் எந்தத் தலைமையாசிரியரும் திறக்க மாட்டார்.

இதைக் கேட்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவது, வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது எல்லாம் உங்கள் வேலை. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்து வருவதற்காக அந்தச் சட்டத்தை எழுதவில்லை. போட்ட தீர்மானம் கல்வித் துறையின் பெற்றோர் செயலியில் ஏறியிருக்கிறதா என்று கூட்டத்திலேயே கேட்டுப் பாருங்கள்.

சிறுபான்மை நிர்வாகத்தில் இருக்கிற உதவி பெறும் பள்ளிகளில் குழுவுக்கு இந்த அதிகாரம் இல்லை. நம் பகுதியில் இது பல வீடுகளைத் தொடுகிற விஷயம். அரசுப் பள்ளிகளுக்கென்று வந்த ஹைடெக் லேப் இந்தப் பள்ளிகளுக்கு வரவில்லை. அங்கே படிப்பதும் அதே தெருப் பிள்ளைகள்தான், அதே பாடப்புத்தகம்தான். அந்தப் பள்ளித் தாய்மார்கள் நிர்வாகத்திடம் பேச வேண்டும். ஜமாஅத்தில் பேச வேண்டும். கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் அள்ளிக் கொடுக்கிற ஊர் இது. பத்துக் கணினி இந்த ஊருக்குப் பெரிய செலவு இல்லை. வீட்டில் பரணில் கிடக்கிற பழைய அரசு லேப்டாப்புகளிலேயே சிலவற்றைச் சரிசெய்து லினக்ஸ் போட்டால் ஜியோஜீப்ரா ஓடும்.

எப்படித் தொடங்குவது என்பதற்கு என் யோசனை. முதலில் ஆறும் ஏழும் மட்டும். வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு நாள் வந்தால் போதும். ஒரு கணினிக்கு இரண்டு பேர், பாதி நேரத்தில் கை மாற வேண்டும், இல்லாவிட்டால் ஒருவன் ஓட்டுவான், இன்னொருவன் பார்த்துக்கொண்டே இருப்பான். முதல் மாதம் இணையச் செயல்பாடுகளும் பின்னமும் மட்டும். அத்தோடு வருகிற நாளில் பத்து வரி தமிழில் தட்டச்சு. நம் பிள்ளைகள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தே பழகிவிட்டார்கள். 1999இல் அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகையைப் பழகக் கொஞ்ச நாள் போதும். அறைக்குள் ஒரு நோட்டு வையுங்கள். வந்த பிள்ளை போகும்போது இன்றைக்கு என்ன கண்டுபிடித்தேன் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகட்டும். மாதக் கூட்டத்தில் அந்த நோட்டை நடுவில் வைத்து வாசியுங்கள். எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஆசிரியருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். பலன் இல்லை என்று தோன்றினால் நிறுத்திவிடலாம். தீர்மானம் போட்டதும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எந்தப் பள்ளியானாலும் முதல் வாரம் நானும் வந்து உங்களோடு உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர்,
பேகம்பூர், திண்டுக்கல்